தள்ளக் கூடாத ஸ்க்ரம்

சனிக்கிழமை ஆட்டத்தைப் பற்றி எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். மாலை வகுப்பில் வயரிங் சொல்லித்தரும்போது, பழுது எங்கே என்று தெரியாவிட்டால் மெயினிலிருந்து ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்துக்கொண்டே வா என்பார்கள். அப்படியே எழுதிப் பார்க்கிறேன். சரியாக வருமா தெரியவில்லை.

அடுத்த சீசனுக்கு எங்கள் கிளப்பில் வலது ப்ராப் ஒருவனுக்குத்தான் இடம். போட்டியில் இருந்தது நானும் மாக்செனும். ரக்பியில் ஸ்க்ரம் என்றால் இரண்டு அணியிலும் எட்டெட்டுப் பேர் கோத்துக் குனிந்து, நடுவில் விடும் பந்துக்காக முட்டித் தள்ளுவது; ப்ராப் அதில் முன்வரிசை ஓரத்தில் எதிராளியின் தோளில் தோளை முட்டித் தள்ளுகிறவன். தள்ளுவதில் நான் மாக்செனைவிட மேல். ஓடுவதிலும் பந்து பிடிப்பதிலும் அவன் என்னைவிட எங்கேயோ மேல். என் கைக்கு வரும் பந்து பாதி நேரம் தரையில்தான் கிடக்கும். பக்கத்துப் பள்ளத்தாக்கு அணியோடு நடக்கும் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக ரக்பி டைரக்டர் மைரிக் சொல்லியிருந்தார். முதலில் இறங்குவது நான். மாக்சென் பெஞ்சில்.

ஆட்டத்துக்கு முன் ஸ்க்ரம் கோச் ஹெத் என் காதுக்கு டேப் சுற்றிக்கொண்டே பேசினார்.

"இயெஸ்டின், கேளு. உன் எதிர்ல நிக்கிற இடது ப்ராப்புக்கு அவங்ககிட்ட ரெண்டே ஆளு. ரெண்டு பேரையும் சீக்கிரமே நொறுக்கிட்டேன்னு வை, பழகின ஆள் இல்லாம ஆபத்துன்னு ரெஃப்ரி ஸ்க்ரம்ல தள்ளவே கூடாதுன்னுருவாரு. அப்புறம் நீ எதுக்கு? கொஞ்சம் கொஞ்சமா வறுக்கணும், தீச்சுடக் கூடாது."

"சரி கோச்."

"சரிங்கும்போது என் மூஞ்சியப் பாரு. ஸ்டாண்டுல மைரிக்கைத் தேடாத."

தேடிக்கொண்டுதான் இருந்தேன்.

முதல் ஸ்க்ரமிலேயே எதிராளியின் கால்கள் தரையை விட்டு எழும்பின. கூட்டம் கத்தியது. மூன்றாவதில் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு வெளியேறினான். அது நிஜமான அடி. அவனுக்குப் பதிலாக ப்ரிக்கன் வந்தார். எத்தனையோ வருஷமாக இந்தப் பக்கத்தில் ஆடுகிறவர். காதுகள் அவித்த முட்டைக்கோசு மாதிரி இருக்கும்.

"தம்பி, எனக்கு முதுகுவலி. பாத்துப் பண்ணு," என்றார் குனியும்போதே.

"பென்ஷன் வாங்குற வயசுல வீட்ல இருக்க வேண்டியதுதானேண்ணே?"

"வீட்ல உன் அண்ணி இதைவிட பலமா தள்ளுவா."

தண்ணீர் கொண்டுவந்த பிசியோ ஹெத்தின் செய்தியையும் கொண்டுவந்தாள். "மெதுவாவாம்."

எனக்குப் புரிந்தது. புரியாமல் செய்தேன் என்று சொல்ல முடியாது. ஆனால் அடுத்த ஸ்க்ரம் ஸ்டாண்டுக்கு நேர் முன்னால் அமைந்தது. மைரிக் இருக்கையின் விளிம்புக்கு வந்து பார்த்துக்கொண்டிருந்தார். முழு பலத்தையும் இறக்கினேன். ப்ரிக்கன் மடிந்து பின்னால் போனார். அதற்கடுத்ததில், தள்ள ஆரம்பித்த உடனேயே "ஐயோ" என்று அலறி, இடது கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு உருண்டார்.

வேறு இடது ப்ராப் இருக்கிறானா என்று ரெஃப்ரி அவர்கள் கேப்டனிடம் கேட்டார். இல்லை. இனி ஸ்க்ரமில் யாரும் தள்ளக் கூடாது, அவர்கள் ஒரு ஆள் குறைந்து ஆட வேண்டும் என்றார். எங்கள் கூட்டம் எழுந்து நின்று ஆரவாரம் செய்தது. நானும் கையைத் தூக்கினேன். தூக்கிய கை இறங்குவதற்குள், கோட்டுக்கு வெளியே மாக்சென் ஜாக்கெட்டைக் கழற்றுவது தெரிந்தது.

எதிரே ஒரு ஆள் குறைவு, மைதானம் திறந்து கிடக்கிறது. ஓடுகிறவன்தான் வேண்டும். கோச்சாக இருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். ஆள் மாற்றும் பலகையில் என் எண் ஏறியது. இடைவேளைகூட வரவில்லை.

"கலக்கிட்டடா!" என்று முதுகில் தட்டிவிட்டு மாக்சென் உள்ளே ஓடினான். மனதாரத்தான் சொன்னான். கிண்டல் செய்திருந்தால்கூடப் பரவாயில்லை. இரண்டாம் பாதியில் நாற்பது மீட்டர் ஓடி, எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் ஊன்றி ட்ரை வைத்தான். ஈர ஜாக்கெட்டைப் போர்த்தி உட்கார்ந்து நானும் கை தட்டினேன்.

மோதிக்கொண்ட ப்ராப்கள் ஆட்டம் முடிந்ததும் சேர்ந்து ஒரு பீர் குடிப்பது எங்கள் வழக்கம். ப்ரிக்கன் இரண்டு கேன்களோடு நொண்டிக்கொண்டு எங்கள் அறைக்கு வந்தார்.

"அண்ணே, இது வலது காலு."

அவர் குனிந்து பார்த்தார். "ஆட்டத்துல எது?"

"இடது."

"அப்படியா?" காலை மாற்றி நொண்டிக் காட்டினார். அறையே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"கோவிச்சுக்காத தம்பி. இன்னும் ரெண்டு ஸ்க்ரம் உன்கிட்ட மாட்டியிருந்தா திங்கக்கிழமை என்னை டீமை விட்டே தூக்கியிருப்பாங்க. உனக்கு மட்டும்தான் மைரிக் இருக்காரா? எங்களுக்கும் ஒருத்தர் இருக்காருடா."

பீரைக் குடித்தேன். ரெஃப்ரியிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டுமோ? சொல்லி என்ன ஆகியிருக்கும்?

திங்கட்கிழமை மைரிக் கூப்பிட்டார். "உன் ஸ்க்ரம் எல்லாம் வீடியோவுல திரும்பப் பாத்தேன். பிரமாதம். ஆனா அஞ்சே அஞ்சுதான் இருக்கு."

"ஆறாவதுக்கு அங்க ஆள் இல்லையே சார்."

"அதத்தான் நானும் சொல்றேன்."

இடம் மாக்செனுக்கு.

"அவனுக்கு ஸ்க்ரம் வராதே," என்றேன். சொல்லியிருக்கக் கூடாது.

"நீ பழக்கிவிடு. ஜூன் வரைக்கும் உன் காண்ட்ராக்ட் இருக்குல்ல?"

மத்தியானம் பயிற்சி மைதானத்தில் மழை. ஹெத் என்னையும் மாக்செனையும் எதிரெதிராக நிறுத்தினார். மாக்சென் என் கண்ணைப் பார்க்காமல், "சாரிடா மச்சான்," என்று முனகினான். குனிந்தோம். அவன் தோள் தப்பான இடத்தில் இருந்தது. ஒரே தள்ளலில் அவனை வேலிவரை கொண்டுபோய்விடலாம்.

"இயெஸ்டின், மெதுவா," என்றார் ஹெத். "வர்ற சனிக்கிழமைக்கு அவன் வேணும்."

மெதுவாகத்தான் தள்ளினேன்.