இரண்டாவது கையெழுத்து

ஷட்டில் கிளப்பில் அவளுக்கு 'ரூல்ஸம்மா' என்று பேர். முகத்துக்கு நேராக யாரும் கூப்பிட மாட்டார்கள், முதுகுக்குப் பின்னால்தான். அவள் காதில் விழாமலா இருக்கும்? விழட்டும் என்று விட்டுவிட்டாள். பகலெல்லாம் மருந்துக்கடையில் நின்று, டாக்டர் சீட்டு இல்லாமல் மாத்திரை கேட்கிறவர்களோடு மல்லுக்கட்டுகிறவளுக்கு இதெல்லாம் ஒரு பேரா?

கிளப்பில் அவள் சம்பளமில்லாத செயலாளர். பிள்ளைகளுக்குப் பயிற்சி நடக்கும்போது கோச் மட்டும் தனியாக இருக்கக் கூடாது. கடைசிப் பிள்ளை வீட்டுக்குக் கிளம்புகிற வரைக்கும் பெரியவர் இன்னொருவரும் ஹாலில் இருக்க வேண்டும். இரண்டு பேரும் நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். இந்த ஒற்றை விதியைக் கமிட்டியில் ஒப்புக்கொள்ள வைப்பதற்குள் எட்டு மாதம் ஓடிப்போனது, தொண்டைத் தண்ணீரும் வற்றிப்போனது. "நம்ம கோச்சையே சந்தேகப்படுறியா?" என்று ஆளாளுக்குப் பாய்ந்தார்கள். யாரையும் சந்தேகப்படுகிற நிலைமையே வரக் கூடாது என்பதற்குத்தானய்யா விதி! யார் மண்டையில் ஏறியது?

கடைசியில், தபாலாபீஸ் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற மாமா ஒருவர் "நான் உக்காந்துக்கறேன்மா" என்று முன்வந்தார். கிளப்புக்கே அவர் மாமாதான். மாதக் கடைசியில் நோட்டு அவளிடம் வரும். கோச் கையெழுத்து, பக்கத்தில் மாமா கையெழுத்து, ஒரு நாள்கூட விட்டுப்போயிருக்காது. பச்சை மையில் 'சரி' போட்டு பீரோவில் வைத்துப் பூட்டுவாள். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, மறைப்பானேன்.

ஒரு சனிக்கிழமை காலை அவள் கிளப் ஆபீசில் இருந்தபோது நர்ஸம்மா வந்தாள். இவள் கடைக்குப் பக்கத்து ஆஸ்பத்திரியில் வேலை, மகளுக்குப் பதினோரு வயது, புதன்கிழமை வகுப்பில் ஆடுகிறவள்.

"ஒரு மாசமா புதன்கிழமையானா வயித்துவலிங்கறா. போகமாட்டேன்னு ஒரே அடம். துருவித் துருவிக் கேட்டா, எல்லாரும் போனப்புறம் கோச் அவளை மட்டும் நிறுத்தி ஆட வெக்கிறாராம், கதவைச் சாத்திடுறாராம், வேற யாருமே இருக்கமாட்டாங்களாம். நிஜமாவா?"

அந்த நிமிஷம் ரூல்ஸம்மா என்ன செய்திருக்க வேண்டும்? பிள்ளை சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டிருக்க வேண்டும். அவள் பீரோவைத் திறந்தாள்.

"யாருமே இல்லாம எப்படி? மாமா இருக்காரே! இதோ பாருங்க, நாலு புதன்கிழமையும் கையெழுத்து இருக்கு."

நர்ஸம்மா ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் பார்த்தாள். பெருமூச்சு விட்டாள். "அப்பாடா! வயித்துல பாலை வார்த்தீங்க. ஆடச் சோம்பேறித்தனம், கதை கட்டுறா கழுதை. வீட்டுக்குப் போய் வெச்சுக்கறேன்." இருவரும் சிரித்தார்கள்.

திங்கட்கிழமை மருந்துக்கடைக்குக் கருப்புக்கண்ணாடி போட்டுக்கொண்டு மாமா வந்தார், சொட்டு மருந்து வாங்க.

"கண் ஆபரேஷன்மா. ஆயிடுச்சு, அஞ்சு வாரம். இன்னிக்குத்தான் வாசப்படியே தாண்டுறேன்."

அவள் கையிலிருந்த மருந்துப் பெட்டி கையிலேயே நின்றது. "அப்போ புதன்கிழமை கிளப்புக்கு?"

"எங்கம்மா போறது?"

"நோட்டுல கையெழுத்து இருக்கே மாமா!"

"அதுவா!" மாமா குழந்தை மாதிரி சிரித்தார். "ஒண்ணாந்தேதியே மாசம் முழுக்கப் போட்டுக் கொடுத்துடுவேனே. ஆரம்பத்துல ரெண்டு வாரம் வந்து கொட்டாவி விட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன். கோச்தான், 'நீங்க ஏன் மாமா சிரமப்படுறீங்க'ன்னு நோட்டை வீட்டுக்கே கொண்டாந்து தர ஆரம்பிச்சாரு. தங்கமான பையன். கட்டம் காலியா இருந்தா உனக்குக் கோவம் வருமே, அதான்."

அவளுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது, ஆனால் யாரைப் பார்த்துக் கத்துவது? அந்த மனுஷர் அவளுக்கு நல்லது செய்ததாக நினைத்துக்கொண்டு பாக்கிச் சில்லறையை எண்ணாமலே பையில் போட்டுக்கொண்டு போனார்.

கடையைக் கூட வேலை பார்ப்பவளிடம் ஒப்படைத்துவிட்டு நேராகக் கிளப் தலைவரிடம் போனாள். அவருக்குப் பெயிண்ட் கடை. டப்பாக்களுக்கு நடுவில் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினாள். தலைவர் கேட்டார், கேட்டார், மூக்கைச் சொறிந்துகொண்டார்.

"இப்போ என்ன ஆயிடுச்சுங்கறே?"

"என்ன ஆச்சுன்னு தெரியல! தெரியாததுதான் சார் பயமா இருக்கு. அந்தப் பொண்ணு கதவு சாத்தியிருந்துச்சுன்னு சொல்லியிருக்கு."

"சின்னப் பிள்ளைங்க ஆயிரம் சொல்லும். அடுத்த கமிட்டியில வெச்சுப் பேசுவோம்."

"அது அடுத்த மாசம்! நடுவுல எத்தனை புதன்கிழமை இருக்கு!"

"சரி, நானே கோச்சைக் கூப்பிட்டுப் பக்குவமா விசாரிக்கறேன்."

"ஐயோ, வேண்டாம் சார்! விசாரிக்கறது நம்ம வேலையே இல்ல. அதுக்குன்னு பிள்ளைங்க பாதுகாப்பு ஆபீஸ் இருக்கு. நாம சொல்லணும், வகுப்பை நிறுத்தணும், அவ்வளவுதான்."

"அது சரி, கிளப் பேரு என்ன ஆகிறது? அந்தப் பையன் வாழ்க்கை என்ன ஆகிறது?" இதற்குள் ஒருவர் வெள்ளை பெயிண்ட் கேட்டு வந்தார். பளபளப்பா, மங்கலா என்று அவரோடு பத்து நிமிஷம் பேசினார் தலைவர். ரூல்ஸம்மா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். திரும்பியபோது அவர் முகத்தில் ஒரு தெளிவு. "இப்படிச் செய்வோம்மா. இனிமே மூணு கையெழுத்து வாங்கிடுவோம்."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். நிஜமாகவே, படீரென்று, பெயிண்ட் வாங்க வந்தவர் திரும்பிப் பார்க்கிற மாதிரி.

நடைபாதையில் நின்று பாதுகாப்பு ஆபீசுக்கு போன் போட்டாள். ஒருவர் இன்னொருவருக்கு மாற்றினார், அவர் வேறொருவருக்கு. எல்லாரிடமும் முதலிலிருந்து சொன்னாள். கடைசியில் ஒரு பெண் முழுவதையும் எழுதிக்கொண்டு, நாளைக் காலையிலேயே ஆள் வரும், அதுவரை பிள்ளையிடம் யாரும் கேள்வி மேல் கேள்வி கேட்க வேண்டாம் என்றாள். அடுத்து, புதன்கிழமை வகுப்பு கிடையாது என்று பெற்றோர் எல்லாருக்கும் செய்தி அனுப்பினாள். தலைவரிடமிருந்து உடனே போன் வந்தது. எடுக்கவில்லை. செயலாளர் பதவி போனால் போகட்டும், மயிரே போச்சு.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது நர்ஸம்மா ராத்திரி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள், யூனிபார்ம் போட்டு ஒரு காலில் மட்டும் ஷூ. விஷயத்தை மென்று முழுங்காமல் சொன்னாள் ரூல்ஸம்மா. அந்தக் கையெழுத்தெல்லாம் முன்கூட்டியே போட்டது, மாமா அங்கே இல்லவே இல்லை, நான் காட்டினது பொய் நோட்டு.

நர்ஸம்மா மற்ற ஷூவைக் கையில் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"அடிச்சுட்டேங்க" என்றாள். "அன்னிக்கு வீட்டுக்கு வந்து அடிச்சுட்டேன். 'மாமா இருந்திருக்காரு, நோட்டுல இருக்கு, நீ என்கிட்டயே பொய் சொல்றியா'ன்னு கன்னத்துல அறைஞ்சேன். அதுக்கப்புறம் அவ என்கிட்ட எதையுமே சொல்றதில்ல."

ரூல்ஸம்மாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழ இதுவா நேரம் என்று விழுங்கினாள்.

உள்ளறையில் அந்தப் பெண் கட்டிலில் கால்களை மடக்கி உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அம்மா வாசலில் நின்றுவிட்டாள். ரூல்ஸம்மா எதுவும் கேட்கவில்லை, கட்டிலுக்குப் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்து சொல்ல மட்டும் செய்தாள்.

"நீ அம்மாகிட்ட சொன்னது நிஜம்மா. நோட்டுதான் பொய். உன்மேல எந்தத் தப்பும் இல்ல, எங்க மேலதான். நாளைக்கு ஒருத்தங்க வருவாங்க, உனக்குத் தோணினதை அவங்ககிட்ட சொல்லலாம். இனிமே நீ அங்க போகவேண்டாம்."

அந்தப் பெண் பேனாவை மூடினாள். வாசலில் நிற்கிற அம்மாவைப் பார்த்தாள். பிறகு இவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்க யாரு?"

"நான்... கிளப்போட செயலாளர்மா. உங்களையெல்லாம் பத்திரமா பார்த்துக்கறது என் பொறுப்பு."

"அப்படியா?" என்றாள் அவள். குரலில் கோபமெல்லாம் இல்லை, தெரியாததைத் தெரிந்துகொள்கிற மாதிரிதான் கேட்டாள். "உங்களை நான் அங்க பார்த்ததே இல்லையே."