என் எண்ணில் அவன் படம்

…படத்துக்குத்தானே, எடுத்து முடிந்ததும் கழற்றிக் கொடுத்துவிடுவான் என்று சீருடை அறைக்காரர் இரண்டு முறை சொன்னார், ஒரு முறை சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன், இருபத்துநான்கு, இரண்டு வருடமாக என் முதுகில் இருக்கும் எண், அதை மாட்டிக்கொண்டு ஜெரெல் என்கிற இந்தப் பள்ளிக்கூடப் பையன் விளக்குகளுக்கு நடுவில் நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறான், தலைக்கவசத்தைத் தர்பூசணி மாதிரி கக்கத்தில் இடுக்கிக்கொண்டு… கல்லூரி பார்க்க வருகிறவனை அதே இடத்தில் ஆடுகிறவன்தான் சுற்றிக் காட்ட வேண்டுமாம், எங்கள் அமெரிக்கக் கால்பந்து அணியின் வழக்கம், யார் கண்டுபிடித்ததோ, பந்து பிடிக்க ஓடுகிறவனை ஒட்டி ஓடி மறிக்கிற இடம் என்னுடையது, அவன் கேட்பதும் அதைத்தான், அந்த ஓரத்துக்கு ஒருவன் போதும். டிசம்பரில் அவன் இங்கே சேரக் கையெழுத்துப் போட்டால் ஜனவரியில் நான் விலகுகிறவர்கள் பட்டியலில் பெயர் கொடுத்துவிட்டு எந்தக் கல்லூரி கூப்பிடும் என்று போனைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான், போன வருடம் பெயர் கொடுத்த டுவெய்ன் மறுநாள் வந்தபோது அவன் ஷூக்கள் குப்பைப் பையில் கட்டப்பட்டு வாசலில் கிடந்தன, அவனை இன்றுவரை யாரும் கூப்பிடவில்லை… “அண்ணே, எனக்குன்னே தைச்ச மாதிரி இருக்குல்ல?” என்கிறான் ஜெரெல். “சலவைக்குப் போனா சுருங்கும், பாத்துக்க” என்றேன். புகைப்படக்காரர் சிரித்தார், அவனும் சிரித்தான், பல்வரிசை கூட ஒழுங்காகத்தான் இருக்கிறது, சனியன்.

இவனை விரட்ட எனக்குப் பொய்கூடத் தேவையில்லை, அதுதான் வேடிக்கை, நடந்ததைச் சொன்னால் போதும். என்னைச் சேர்க்க வந்தபோது எங்கள் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து அம்மா பொரித்த கெளுத்தியை மூன்று துண்டு தின்றுவிட்டு, முதல் வருடமே உங்கள் பையன் களத்தில் நிற்பான் என்றார் கோச், இரண்டு வருடத்தில் நான் இறங்கியது பதினோரு ஆட்டம், அதுவும் எதிரணி செத்த பிறகு, பாதி ஜனம் வண்டி நிறுத்துமிடத்துக்குப் போன பிறகு… நேற்று விருந்தில் அதே வாக்கியத்தை ஜெரெலின் அம்மாவிடம் சொன்னார், அதே இடத்தில் மூச்சு விட்டார், அந்த அம்மாவின் தோளில் கை வைத்ததும் அதே நேரம்தான், என்னைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார், வெட்கமே இல்லையா, அல்லது என்னை மறந்தே போனாரா?

மிஸ் வெர்னா, ஜெரெலின் அம்மா, லூசியானாவில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர், படம் எடுக்கும் அறையிலிருந்து என் முழங்கையைப் பிடித்து நடைபாதைக்கு இழுத்து வந்தார். கோச் முன்னால் கேட்க முடியாது என்றார், மூன்று கல்லூரி பார்த்தாயிற்று, எல்லோரும் இதையே சொல்கிறார்கள் என்றார். “நீ இங்கயே கிடக்கிறவன், கண்ணு. அந்த மனுஷன் சொன்ன சொல்லக் காப்பாத்துவாரா? நீ இல்லேன்னு சொன்னா இப்பவே வண்டிய எடுத்துடுவேன்.”

ஒரே வார்த்தை, இல்லை என்று, உண்மையும் அதுதான், என் இடமும் தப்பும்… அவர் தோளுக்கு மேலே கதவு வழியாக ஜெரெல் தெரிந்தான், என் எண்ணோடு கைகளை விரித்து நின்றான், எதற்கு இவனைக் காப்பாற்ற வேண்டும், வேறு எங்கோ போய் ஜம்மென்று ஆடுவான், நான் தொலைக்காட்சியில் பார்க்க வேண்டுமா, வரட்டும், மழையில் பெஞ்சில் உட்காரட்டும், எண்ணட்டும் பதினோரு ஆட்டம்.

“காப்பாத்துவாரும்மா.”

அவர் என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார், கண் கலங்கியிருந்தது, இதுவரை யாருமே இப்படிக் கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை என்றார். வெறுப்பில்தான் சொன்னேன், அவனும் நம்பிக் கெடட்டும் என்றுதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை… ஆனால் குரல் ஏன் தடுமாறவில்லை, பொய் சொன்னால் காது சூடாகுமே எனக்கு, தொட்டுப் பார்த்தேன், சில்லென்று இருந்தது, அப்படியென்றால் அடுத்த சனிக்கிழமை ஆட்டத்தில் கோச் என்னை இறக்குவார் என்று நான் இன்னும்…