சீர் நாய்

"நாய எறக்குங்க. இல்ல, நாயோட சேந்து நீங்களும் எறங்குங்க" என்றான் கண்டக்டர்.

காசிராஜன் இரண்டையும் செய்யவில்லை. கயிற்றைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டு படியை மறித்து நின்றார்.

"எழவு வீட்டுக்குப் போறோம்."

"எழவுக்கு நாய் எதுக்குய்யா? ஒப்பாரி வைக்கவா?"

பஸ்ஸுக்குள் இரண்டு பேர் சிரித்தார்கள்.

"செத்தது எம் மக. நாய் அவ வீட்டு நாய். கொண்டுபோய் ஒப்படைக்கணும்."

சிரித்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கண்டக்டர் பின்பக்கத்தைக் காட்டினான். பெட்ரோலெல்லாம் சண்டைக்குப் போய்விட்ட வருஷங்கள் அவை. பஸ்ஸு கரிப்புகையில் ஓடியது. அதன் முதுகில் கட்டியிருந்த இரும்பு டிரம்முக்குள் கரி கனன்றுகொண்டிருந்தது.

"கடைசி சீட்டுக்கு அடியில கட்டுங்க. சூட்டுல வெந்துபோச்சுன்னா என்னையக் கேக்கப்படாது."

காசிராஜனின் இளைய மகள் மாரிக்கனி அம்மாவை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். அம்மா கோகிலாம்பாளின் மடியில் கோடிச்சேலை இருந்தது. பிறந்த வீட்டிலிருந்து மகளுக்குப் போடும் கடைசிச் சேலை. காலையில் பாளையம்பட்டியில் காசிராஜனின் கடை வாசலில் வந்து நின்று, "சுப்பம்மா தவறிட்டா" என்று ஆள் சொன்ன நேரத்திலிருந்து கோகிலாம்பாள் புருஷனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவர்தான் பேசினார். "அந்த நாயையும் அவுத்துட்டு வா. நாளைக்குக் கொண்டுபோகணும்னு இருந்தேன். இன்னிக்கே போகட்டும்" என்றார். செத்த மகள் வீட்டுக்கு ஒரு வேலையாகப் போய் இன்னொரு வேலையையும் முடித்துவிட்டு வருகிற ஆள் அவர்.

அந்தப் பக்கத்தில் நல்ல வேட்டை நாயை யாரும் விலைக்கு விற்கமாட்டார்கள். பெண்ணோடு சீராக அனுப்புவார்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால் சுப்பம்மாள் பரளச்சிக்கு வாக்கப்பட்டுப் போனபோது பித்தளைப் பாத்திரங்களோடு மயிலை என்ற இந்த நாயும் வண்டிக்குப் பின்னால் ஓடியது. சாம்பல் நிறம், சவுக்குக் கம்பு மாதிரி கால்கள், அப்போதே ஒரு வயசு.

இந்த வருஷம் அது திரும்பி ஓடிவர ஆரம்பித்தது. அத்தனை மைல் கரிசக்காட்டைத் தாண்டி வந்து கடை வாசலில் படுத்துக்கிடந்தது. "பழகுன எடத்த நாய் மறக்குமா?" என்று காசிராஜன் ஊர்க்காரர்களிடம் பெருமையாகச் சொன்னார். பிறகு கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். கொடுத்த பொருள் கொடுத்ததுதான். சீரைத் திரும்ப வாங்கினால் உறவே வேண்டாம் என்று அர்த்தம். இரண்டாவது தடவை மாரிக்கனியும் கூடப் போனாள். பேரன் பேத்தி பிறக்கும்வரை மகள் வீட்டில் கை நனைப்பதில்லை என்று அவருக்கு ஒரு வைராக்கியம். அதனால் வாசலோடு சரி. கயிறு மருமகன் தனுஷ்கோடி கைக்கு மாறியது. அக்கா கதவுக்குப் பின்னால் நின்றாள். அடிக்கிற வெயிலிலும் முந்தானையை இரண்டு கைகளையும் சுற்றிப் போர்த்தியிருந்தாள்.

"உள்ள வாங்கய்யா."

"இருக்கட்டும்மா. வண்டி நிக்குது."

மூன்றாவது தடவை நாய் முந்தாநாள் வந்தது. விலா எலும்பை எண்ணிவிடலாம் போல இருந்தது.

பஸ்ஸு ஒரு மேட்டில் மூச்சு வாங்கி நின்றது. ஆண்கள் இறங்கித் தள்ளினார்கள். காசிராஜன் வேர்த்து வழிந்து திரும்பி வந்து உட்கார்ந்ததும் கோகிலாம்பாள் வெளியே பார்த்துக்கொண்டே வாயைத் திறந்தாள்.

"மூத்தவ எடத்துக்கு இவளக் கேப்பாக. வாக்குக் குடுத்துட்டு வந்துறாதீக."

"பொணம் அங்க கெடக்கு. ஒம் பேச்சப் பாரு."

"கேப்பாகன்னு சொல்றேன்."

"கேட்டா யோசிக்கணும்ல? பொண்ணு குடுத்த வீடு. ஒரே நாள்ல அத்துவிட முடியுமா?"

மாரிக்கனிக்கு ஆடி வந்தால் பதினேழு. தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று புரிந்தது. அதை அவளிடம் கேட்கவேண்டும் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை என்பதும் புரிந்தது.

பரளச்சிக்குப் பாதை பிரியும் விலக்கில் இறங்கி நடந்தார்கள். பருத்திச்செடிகள் இலையில்லாமல் குச்சிகளாக நின்றன. ஊர் எல்லையில் உடைமரத்தடிக்கு வந்ததும் மயிலை நின்றுவிட்டது. காசிராஜன் இழுத்தார். அது நான்கு காலையும் ஊன்றிப் படுத்தது. அவர் திட்டிக்கொண்டே இழுத்துப்போனார். பின்னால் நடந்த மாரிக்கனி புழுதியில் அதன் நகங்கள் கிழித்த கோடுகளை மிதிக்காமல் நடந்தாள்.

வாசலில் சம்பந்தியம்மா சௌந்தரம் ஓடிவந்து கோகிலாம்பாளைக் கட்டிக்கொண்டாள். "ஒரே ராத்திரியில வாந்திபேதி கொண்டுபோயிருச்சே மதினி!" கோகிலாம்பாள் கையைத் தூக்கவில்லை. மண்ணில் அடித்த கட்டை மாதிரி நின்றாள். காசிராஜன் நேரே மாட்டுக்கொட்டகைக்குப் போய்த் தூணில் நாயைக் கட்டினார். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த தனுஷ்கோடியிடம், "மாப்ள, நாயக் கொண்டாந்துட்டேன்" என்றார். அதற்குப் பிறகுதான் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

குளிப்பாட்டுவதற்குப் பின்பக்கம் ஓலைத்தட்டி கட்டி மறைத்திருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி தண்ணீர் ஊற்றினாள். கோகிலாம்பாள் மஞ்சள் தேய்த்தாள். மாரிக்கனி அக்காவின் கையைத் தூக்கிப் பிடித்தாள். கை தூக்கின வேகத்தில் மேலே வந்தது. அதில் கனமே இல்லை. வளையல்கள் கழன்று விழாமல் இருக்க மணிக்கட்டில் பருத்தி நூலைத் தடிமனாகச் சுற்றி வைத்திருந்தாள். தண்ணீர் பட்டதும் நூல் நனைந்து நெகிழ்ந்தது. வளையல்கள் முழங்கைவரை சறுக்கி ஓடின.

அம்மா தேய்ப்பதை நிறுத்திவிட்டாள்.

"வாந்திபேதின்னா தொத்திக்கிரும்னு ஒருத்தரும் எட்டிப் பாக்கமாட்டாக. இம்புட்டுப் பேரு எழவுக்கு வருவாகளா தாயி?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி, தட்டிக்கு அந்தப்பக்கம் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு. "பிள்ள இல்லாதவளுக்கு ஒரு வேளைக் கஞ்சி போதும்னாக. அதுலயும் பாதிய நாய்க்கு ஊத்துதான்னு சொல்லி அதையும் நிறுத்துனாக. இவ என்ன செய்வா? நாயக் கல்லெடுத்து வெரட்டுவா. அது போகாது. தள்ளிப்போய் நின்னு பாக்கும். 'எங்க அம்மா வீட்டுக்குப் போயிரு, கஞ்சி ஊத்துவாக'ன்னு அழுதுக்கிட்டே எறிவா. என் கண்ணால பாத்தேன். போயிருச்சுன்னு ஒரு வாரம் நிம்மதியா இருப்பா. மறுவாரம் ஒங்க வீட்டுக்காரரு கொண்டாந்து கட்டிட்டுப் போயிருவாரு."

"நீ ஒரு எட்டு வந்து சொல்லியிருக்கக் கூடாதாடி?" என்றாள் கோகிலாம்பாள்.

"நான் இந்த ஊருல இருக்கணும்ல தாயி?"

கோடிச்சேலையைச் சுற்றினார்கள். ஒரு சுற்றுக்குப் பதில் இரண்டு சுற்று வந்தது.

உடம்பை முற்றத்தில் கிடத்தினார்கள். வாய்க்கரிசிக்குச் சௌந்தரம் சொளவு நிறைய அரிசி கொண்டுவந்தாள். ஊரே கம்புக்கும் சோளத்துக்கும் அலைந்த காலத்தில் அது வெள்ளைவெளேரென்று இருந்தது. பார்த்த பெண்கள் ஒப்பாரியை ஒரு கணம் விட்டுவிட்டார்கள்.

கோகிலாம்பாள் அரிசியில் கை வைக்கவில்லை.

"கடைசியா எம் மகளுக்கு எப்ப அரிசி அளந்த? வாயடைக்கத்தான் சொளவு நெறைய வருமோ?"

"எழவு வீட்டுல வந்து என்ன பேச்சுப் பேசுறா இவ!"

"அவ கையப் பாருங்கய்யா எல்லாரும். வளையலுக்கு நூலு சுத்தி வச்சிருக்கா. எய்யா மருமகனே, மூணு வருசமா அந்தக் கையப் பிடிச்சுப் படுத்தியே, ஒனக்கு எலும்பு தட்டலையா?"

தனுஷ்கோடி துண்டை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டான். அவன் சித்தப்பா தவசி எழுந்தார். "பொம்பளைக பேச்ச விடுங்க. வெயில் ஏறுது. சம்பந்தி, நீங்க போடுங்க, தூக்கணும்."

காசிராஜன் ஒரு கை அரிசி அள்ளினார். மாரிக்கனி அவர் முகத்தையே பார்த்தாள். அவர் கோடிச்சேலைக்கு வெளியே கிடந்த கையைப் பார்த்தார். பார்த்தார் என்பதில் சந்தேகமில்லை. பிறகு குனிந்து வாயில் அரிசியைப் போட்டார். பாதி கழுத்தில் சிந்தியது. கடைக்காரர் அல்லவா, சிந்தியதை அப்படியே விடமுடியவில்லை. ஒவ்வொரு மணியாகப் பொறுக்கி மறுபடி வாயில் வைத்தார். தவசி தோளைத் தொடும்வரை பொறுக்கிக்கொண்டே இருந்தார்.

சுடுகாட்டிலிருந்து ஆண்கள் குளித்துவிட்டு ஈரத்தோடு வந்து உட்கார்ந்தபோது நிழல் சாய்ந்திருந்தது. கொட்டகை ஓரத்தில் அம்மாவோடு உட்கார்ந்திருந்த மாரிக்கனியைத் தவசி ஒருமுறை பார்த்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"நடந்தது நடந்துபோச்சு சம்பந்தி. நாலு பேரு நாலு சொல்லுவாக. வீட்டுல விளக்கேத்த ஆளில்ல. மூத்தவ போனா இளையவங்கிறது வழக்கந்தான. வெளியில போய்ப் பொண்ணு தேடுனா ஒங்களுக்கும் கௌரவமில்ல, எங்களுக்கும் கௌரவமில்ல."

காசிராஜன் தலையைக் குனிந்து ஈர வேட்டியின் நுனியைப் பிழிந்தார். பிழிந்த இடத்தையே திரும்பப் பிழிந்தார்.

"என்ன சொல்றீக?"

"பதினாறாம் நாள் காரியம் முடியட்டும்" என்றார். "பேசுவோம்."

மாரிக்கனி எழுந்தாள். கொட்டகைத் தூணுக்குப் போனாள். அய்யா போட்ட முடிச்சு, அவிழ நேரமானது. அவள் என்ன செய்கிறாள் என்று சௌந்தரம்தான் முதலில் கண்டாள்.

"ஏட்டி! அது எங்க வீட்டு நாயிடி."

"எங்க அக்காளோட வந்துச்சு. எங்க அக்கா போயிட்டா."

தவசி சிரிக்கப் பார்த்தார். "சம்பந்தி, சின்னப்பிள்ள தெரியாமச் செய்யுது. சீரத் திருப்பி எடுத்தா என்ன அர்த்தம்னு சொல்லிக்குடுங்க."

"தெரிஞ்சுதான் அவுக்கேன்" என்றாள் மாரிக்கனி.

ஓர் உறவை வெட்டிவிடுவதென்றால் அதைப் பெண்ணின் தகப்பன் செய்யவேண்டும், அல்லது அண்ணன் தம்பி செய்யவேண்டும். வயசுக்கு வந்த பெண் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பதற்கு என்ன பெயர் என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை.

காசிராஜன் எழுந்து வந்தார். அவளுக்கு முன்னால் கையை நீட்டினார்.

"குடு."

"மாட்டேன்."

"மாரி, எல்லாரும் பாக்காக. குடு."

"திரும்பக் கட்டணும்னா என்னையச் சேத்துக் கட்டிட்டுப் போங்க. எப்படியும் பதினாறு முடிஞ்சா அதுக்குத்தான வரப்போறீக?"

நீட்டிய கை நீட்டியபடி நின்றது. அவர் அடிப்பார் என்று அவள் எதிர்பார்த்தாள். அடித்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். "விட்டுட்டுப் போகச் சொல்லுங்க மாமா, பெறகு பேசிக்கிடலாம்" என்றான் தனுஷ்கோடி. அன்று முழுக்க அவன் பேசியது அவ்வளவுதான்.

கோகிலாம்பாள் எழுந்து சேலையிலிருந்த மண்ணைத் தட்டினாள். எழவு வீட்டில் சொல்லிக்கொண்டு போகும் வழக்கம் இல்லை, இருந்திருந்தாலும் சொல்லியிருக்கமாட்டாள். மகளுக்கும் புருஷனுக்கும் நடுவில் புகுந்து, அவர் கையைத் தோளால் இடித்துக்கொண்டு போய்த் தெருவில் நின்றாள்.

"வாட்டி" என்றாள்.

ஊரைத் தாண்டும்வரை மாரிக்கனி திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. வெகுதூரத்தில் கேட்டது, பிறகு கொஞ்சம் பக்கத்தில். அவர் அங்கே என்ன சொல்லிவிட்டு வந்தார், எதுவும் சொன்னாரா என்று அவளுக்குத் தெரியாது. கேட்கவும் போவதில்லை.

கண்மாயின் பள்ளத்தில் மட்டும் கலங்கலாகத் தண்ணீர் கிடந்தது. மயிலை கரையில் இறங்கி முன்கால்களைச் சேற்றில் ஊன்றிக் குடித்தது. மாரிக்கனி கயிற்றைத் தளர்த்திக் கொடுத்தாள். அம்மா கரையில் குந்தினாள். காசிராஜன் வந்து பத்தடி தள்ளி நின்றார். அவர் வேட்டி இன்னும் காயவில்லை. காலையிலிருந்து மூன்று பேர் வயிற்றிலும் பச்சைத்தண்ணீர் இறங்கவில்லை.

நாயைப் பார்த்துக்கொண்டே அவர் கேட்டார்.

"பசிக்குதா?"

யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை. கோகிலாம்பாள் தண்ணீரைப் பார்த்தாள். மாரிக்கனி கயிற்றைப் பார்த்தாள். நாய் தலை தூக்காமல் குடித்துக்கொண்டே இருந்தது.