எழுந்தால் நின்றுவிடும் வண்டி

கல்லூரி வளாகத்தில் புல் வெட்டுவது என் வேலை. உட்கார்ந்து ஓட்டும் வண்டி; அதன் வயிற்றுக்கடியில் இரண்டு பிளேடுகள் சுழலும். மணிக்கணக்காக யாரோடும் பேச வேண்டியதில்லை. எனக்கு அதுதான் பிடித்திருந்தது.

ஒரே ஒரு தொல்லை. சீட்டுக்கு அடியில் ஒரு சுவிட்ச் உண்டு. பிளேடு சுற்றும்போது ஓட்டுபவர் எழுந்தாலோ விழுந்தாலோ அது இன்ஜினை நிறுத்திவிடும். என் எடை ஐம்பது கிலோவைத் தாண்டாது. மேடு பள்ளத்தில் உடம்பு கொஞ்சம் எழும்பினால் போதும், ஆளில்லை என்று முடிவுகட்டி வண்டி நின்றுவிடும். நாளைக்கு இருபது தடவை.

ஷெட்டில் வண்டிகளைப் பழுது பார்ப்பவர் என் மனைவியின் அண்ணன். அவரிடம் போனேன்.

"மச்சான், அந்த சுவிட்ச் வயர் ரெண்டையும் சேர்த்து முறுக்கி விட்டுடுங்க. சனியன் தொலையட்டும்."

"வண்டியைத் திட்டாத மாப்ளே. நீ உட்கார்ந்திருக்கிறதே அதுக்குத் தெரியல. காத்துல பறந்து வந்த சட்டைன்னு நினைக்குது."

"கிண்டல் போதும். செய்வீங்களா, மாட்டீங்களா?"

துணியில் கையைத் துடைத்தபடி என்னையே சற்று நேரம் பார்த்தார். "சாயங்காலம் வந்து எடுத்துக்கோ."

அதன்பிறகு வண்டி ஒருமுறைகூட நிற்கவில்லை. வயரை முறுக்கிவிட்டார் என்றே நம்பினேன். இறங்குவதற்கு முன் பிளேடை நிறுத்தி பிரேக் போடுவது என் வழக்கம். அப்படி இறங்கினால் சுவிட்ச் இருந்தாலும் இன்ஜின் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அதனால் சந்தேகம் வர வழியில்லை.

இரண்டு மாதம் கழித்து, மழை விட்ட ஒரு காலையில், நூலகத்தின் பின்னாலுள்ள சரிவில் வண்டியை இறக்கினேன். ஈரச் சரிவில் வண்டியை இறக்கவே கூடாது. காய்ந்திருந்தாலும் மேலும் கீழுமாகத்தான் ஓட்ட வேண்டும். குறுக்கே போனால் கவிழும். எல்லாம் தெரியும். மேலும் கீழுமாகப் போனால் நாற்பது முறை திரும்ப வேண்டும், குறுக்கே என்றால் எட்டு முறை. குறுக்கே போனேன்.

மேல்பக்கச் சக்கரம் தூக்கியது. நான் கீழ்ப்பக்கம் உருண்டேன். எழுவதற்குள் வண்டி ஈரப்புல்லில் வழுக்கிக்கொண்டு என் பின்னாலேயே வந்தது. இடது கால் கணுக்கால் வரை அதன் அடியில் போய்விட்டது. போயிற்று என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

எதுவும் நடக்கவில்லை. இன்ஜின் சத்தம் இல்லை. நூலக ஜன்னலில் யாரோ நாற்காலியை இழுக்கும் ஓசை கேட்டது. மெல்லக் காலை உருவினேன். ஷூ முழுசாக இருந்தது. குனிந்து பார்த்தேன். கால் இருந்த இடத்துக்கு ஒரு விரல் தள்ளி, பிளேடு அசையாமல் நின்றிருந்தது.

வண்டியை அங்கேயே விட்டுவிட்டு நடந்தேன்.

ஷெட்டுக்குப் போனபோது மச்சான் என் சேறு படிந்த சட்டையைப் பார்த்தார், பிறகு காலைப் பார்த்தார். கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"நீங்க வயரை முறுக்கவே இல்லையா?"

"இல்ல. சீட்டு ஸ்பிரிங்கை மாத்தி மெத்துனு ஒண்ணு போட்டேன். உன் எடையே போதும், அமுங்கும்."

"சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா மறுநாளே நீயா முறுக்கியிருப்பே. உன்னை எனக்குத் தெரியாதா?"

முறுக்கியிருப்பேன். நன்றி என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தச் சொல் மிகச் சிறியதாக இருந்தது. அவருக்குப் பக்கத்தில் கவிழ்த்துப் போட்டிருந்த டப்பாவில் உட்கார்ந்தேன். அவர் "சரிவுல குறுக்கே போனியா?" என்று மட்டும் கேட்டார். தலையாட்டினேன். "கழுதை," என்றார்.

வீட்டு வாசலில் மனைவி வழி மறித்தாள். அவளுக்கு எதுவும் தெரியாது.

"இப்பதான் தரையைத் துடைச்சேன். ரெண்டு காலையும் நல்லா கழுவிட்டு உள்ளே வாங்க."

குழாயடியில் நின்று, இரண்டு கால்களையும் விரல் விரலாகக் கழுவினேன். "தண்ணி தீரப்போகுது!" என்று அவள் உள்ளிருந்து கத்தும்வரை கழுவிக்கொண்டே இருந்தேன்.