பெடியள் என்ற சொல்லுக்கு ஓர் அடிக்குறிப்பு

ஒன்பதாம் எண்காரரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. மெல்பர்னில் அகதி விசாவுக்குக் காத்திருக்கும் ஈழத்தமிழர், அவ்வளவுதான். இளைஞர்கள் தீவிரவாதத்துக்குள் எப்படி இழுக்கப்படுகிறார்கள் என்ற பல்கலைக்கழக ஆய்வுக்கு அவர் ஒன்பதாவது ஆளாகப் பேட்டி கொடுத்தார். அதைக் கேட்டு ஆங்கிலத்தில் எழுதியவள் நான், அதே மெல்பர்னில் பொயிண்ட் குக் பகுதியில் இருக்கும் விமலா. சொந்த ஊர் கோயம்புத்தூர்.

"சனிக்கிழமை எண்டா பெடியளை ட்ரெயினிங்குக்கு ஏத்திக்கொண்டு போவன்" என்றிருந்தார். அப்படியே எழுதிவிட்டுப் போயிருக்கலாம். 'பெடியள்' என்றால் இயக்கப் போராளிகள் என்று ஓர் அடிக்குறிப்பு போட்டேன். நாலு ஆய்வுக் கட்டுரை படித்த திமிர்.

இப்போதும் நடக்கிற ஆபத்து பேட்டியில் தெரிந்தால் போலீசுக்குச் சொல்ல வேண்டும் என்பது ஆய்வின் விதி. ஆய்வை நடத்தும் பேராசிரியர் ஹெலன், போலீசுக்குச் சொல்வதா என்று முடிவெடுக்க உடனே ஆய்வுக் குழுவைக் கூட்டினார். செவ்வாய்க்கிழமை, மூன்று மணி.

திங்கட்கிழமை ஸ்பிரிங்வேல் பகுதிக் கடையில் ஓர் ஈழத்துப் பெண், "பெடியளுக்குப் பசிக்கும், கெதியாத் தாங்கோ" என்று ரொட்டி வாங்கிக்கொண்டிருந்தார். எனக்குச் சுருக்கென்றது.

"பெடியள்னா யாருங்க?"

"என்ர ரெண்டு மகன்மார். ஏன் பிள்ளை?"

அன்றிரவு தூக்கமே வரவில்லை. மறுநாள் இரண்டு மணிக்கு ஹெலனின் அறையில் நின்றேன். குறிப்பு தப்பு, ஒலிப்பதிவை ஈழத்தமிழர் யாரிடமாவது போட்டுக் காட்டலாம் என்றேன்.

"எழுதி முடிச்சதும் அழிக்கணும்னு விதி. நீங்கதானே அழிச்சீங்க?"

ஆமாம், நானேதான் அழித்தேன். போலீஸ் போய் நின்றால் அந்த மனிதரின் விசா போச்சு.

ஹெலன் தாளைத் திருப்பினார். "இந்தக் குறிப்பு இல்லேன்னா பசங்களை ஃபுட்டிக்கு, ஃபுட்பால் பயிற்சிக்குக் கூட்டிட்டுப் போறார்னுதான் நினைச்சிருப்பேன், விமலா. இந்த ஊர்ல யாரா இருந்தாலும் அப்படித்தான் நினைப்பாங்க."

"அப்ப அதை எடுத்துடுங்க."

"பரிதாபப்பட்டு மாத்துறீங்கன்னு குழு சொல்லும். போன வாரம் உறுதியா எழுதின விமலாவை நம்பணுமா, இன்னைக்கு வந்த விமலாவையா?"

போன வார விமலாவை யாரும் நம்பாமலிருக்க ஒரே வழிதான் இருந்தது. ஒரு வெள்ளைத்தாள் கேட்டு வாங்கி எழுதினேன்: 'எனக்கு ஈழத்தமிழ் சரியாகத் தெரியாது. நான் மொழிபெயர்த்த பதினான்கு பேட்டிகளும் நம்பத்தக்கவை அல்ல.'

ஹெலன் இரண்டு முறை படித்தார். "இதுக்கப்புறம் உங்களுக்கு எங்கேயும் இந்த வேலை கிடைக்காது."

"தெரியும்" என்றேன். கையெழுத்துப் போட்டேன். ஒன்பதாம் எண்காரர் 'பெடியள்' என்று உண்மையில் யாரைச் சொன்னார் என்று அப்போதும் எனக்கு நிச்சயமாகத் தெரியாது.