அசுகம் இல்லை

மூன்றாம் நம்பர் குரங்கின் வயிற்றில் சிவப்புச் சிவப்பாய்ப் பொரிந்திருந்ததைப் பார்த்ததும் நர்மதாவின் கைகள் தாமாகவே கன்னத்தில் போட்டுக்கொண்டன. "ஆத்தா!" என்றாள். அதற்கப்புறம்தான் யோசித்தாள். குரங்குக்கு எப்படி ஆத்தா வருவாள்? யார் கூட்டிக்கொண்டு வந்து விட்டது?

மலையாள எல்லைக்குள் இருக்கும் பெருமாட்டிக்குப் பக்கத்தில், தென்னந்தோப்புகளுக்கு நடுவே மதில் எழுப்பிக் கட்டிய ஆராய்ச்சிக்கூடம் அது. அங்கே பதினாறு குரங்குகளுக்குத் தீனி வைத்துக் கூண்டு கழுவுவது நர்மதாவுக்கு ஆறு வருஷத்து வேலை. வேறு யார் கையிலிருந்தும் அவை பழம் வாங்குவதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. நாலு வரிசை, வரிசைக்கு நாலு. முதல் வரிசைக்கு வெறும் உப்புத் தண்ணீர் ஊசி. இரண்டாவதற்குத் தட்டம்மைக்கான புதுவகை டி.என்.ஏ. தடுப்பூசி. மூன்றுக்கும் நாலுக்கும் அதே தடுப்பூசியோடு வரிசைக்கொரு துணைமருந்து. "ஊசியை மட்டும் போட்டா உடம்பு கண்டுக்க மாட்டேங்கறது. சாம்பார்ல பெருங்காயம் மாதிரியாக்கும் இது" என்று டாக்டர் பவ்யா ஒருநாள் விளக்கியிருந்தாள். கல்பாத்தி அக்ரகாரத்துக்காரி, பெருங்காயம் இல்லாமல் உவமை வராது. எந்தத் துணைமருந்து தேறுகிறது என்று பார்க்க, அடுத்த மாதம் எல்லாக் குரங்குகளின் மூக்கிலும் உயிருள்ள தட்டம்மைக் கிருமியை விடுவதாக ஏற்பாடு. கிருமி குளிர்பெட்டியில் பூட்டிக் கிடந்தது. சாவி ஊசி போடும் ரிஞ்சுவிடம் இருந்தது.

அந்தச் சாவிதான் அவனுக்கு வினையாயிற்று. மத்தியானத்துக்குள் முதல் வரிசை நாலுக்கும், இரண்டாம் வரிசையில் மூன்றுக்கும், மூன்றாம் வரிசையில் ஒன்றுக்கும் பொரிந்துவிட்டது. கிருமி எப்படி வெளியே வந்தது? சாவி யாரிடம்? கேள்வி இரண்டுக்கும் பதில் ஒன்றேபோல் எல்லோருக்கும் தோன்றியது. மறுநாள் விசாரணைக் கமிட்டி வருகிறது, ரிஞ்சுவின் வேலை போவது நிச்சயம், போலீஸ் வரைக்கும் போகலாம் என்று பேசிக்கொண்டார்கள். அடிமாலியிலிருந்து போன வருஷம் வந்து சேர்ந்தவன், மனைவி ஏழு மாதக் கர்ப்பம். "சேச்சி, ஞான் ஆ பெட்டி தொறந்தில்ல. சத்தியம்" என்று நர்மதாவிடம் வந்து சொன்னான். கூடத்தில் அவன் முகம் பார்த்துப் பேச வேறு யாரும் இல்லை.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். நர்மதாவுக்குச் சோறு இறங்கவில்லை.

போன மாதம் அவளுடைய ஆறு வயது மகள் செல்வப்பிரியாவுக்கு ஆத்தா வந்திருந்தாள். வாசலில் வேப்பிலை செருகி, தாளிப்பை நிறுத்தி, எல்லாம் முறையாகத்தான் செய்தார்கள். சுகாதார நர்ஸ் தடுப்பூசி போட வந்த நாளிலெல்லாம் பிள்ளைக்குச் சளியோ காய்ச்சலோ இருந்தது. அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளித் தள்ளி அது விட்டே போயிற்று. தடுப்பூசியில் சம்பளம் வாங்குகிறவளின் வீட்டு லட்சணம் இது. மகளுக்கு இறங்கிய கையோடு நர்மதாவுக்கும் உடம்பு அனலாய்க் காய்ந்தது, காதுக்குப் பின்னால் பொரிந்தது. தொப்பியை இழுத்துவிட்டு வேலைக்கு வந்தாள். மூச்சு முட்டியதால் முகமூடியைத் தாடைக்கு இறக்கிக்கொண்டாள். அதற்கு இன்றோடு பதிமூன்று நாள்.

தினமும் உள்ளே நுழையும்போது பதிவேட்டில் வீட்டில் யாருக்காவது நோய் உண்டா என்று கேட்க, 'வீட்டில் அசுகம்' என்று மலையாளத்தில் ஒரு கட்டம் இருக்கும். அதில் தினமும் 'இல்லை' என்றுதான் எழுதினாள். பொய் எழுதுகிறோம் என்று ஒரு கணம்கூட அவளுக்குத் தோன்றியதில்லை. ஆத்தா வந்திருப்பதை யாராவது நோய் என்பார்களா? சொன்னால் அவள் கோபித்துக்கொண்டு திரும்பி வருவாள். பிள்ளைக்கு இன்னும் இடது காதில் சீழ் வடிகிறது. அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டால் திரும்புவதில்லை.

சாயங்காலம் பவ்யாவின் அறைக் கதவைத் தட்டினாள்.

"எங்கூட்டுல ஆத்தா வந்திருந்தாளுங்க டாக்டரம்மா."

"யாரு வந்திருந்தா?"

"பாப்பாவுக்கு மொதல்ல. அப்பறம் எனக்கு. ரிஞ்சு மேல தப்பில்லீங்க."

பவ்யா எழுந்து போய்ப் பதிவேட்டை எடுத்து வந்து புரட்டினாள். பக்கத்துக்குப் பக்கம் இல்லை, இல்லை, இல்லை. "தினமும் அசுகம் இல்லைன்னு எழுதியிருக்கியே நர்மதா?"

"அசுகம் இல்லீங்களே. ஆத்தா தானுங்களே வந்திருந்தா."

பவ்யா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்றிருந்தது. பதிவேட்டை மூடி வைத்தாள். "நாலாம் வரிசையைப் பார்த்தியோ? ஒரு பொட்டு இல்லை. அந்த மருந்து பலிச்சிருக்கு. ஆனா என்னிக்கு, எத்தனை கிருமி போச்சுன்னு தெரியாம இதை எவனும் ஒத்துக்க மாட்டான். மூணு வருஷம்..." என்று நிறுத்தினாள். "அறை முழுக்க முடிச்சுடச் சொல்லிட்டா மேலிடத்துல. நாளைக்குக் கார்த்தால."

முடிப்பது என்றால் பதினாறுக்கும் கடைசி ஊசி என்று நர்மதாவுக்குத் தெரியும்.

பவ்யா ஒரு வெள்ளைத் தாளை அவள் பக்கம் தள்ளினாள். "எழுதிக் குடு. இல்லேன்னா அவன் தலைதான் உருளும்."

"ஆத்தா வந்திருந்தாள்னு எழுதட்டுங்களா?"

"அது கமிட்டிக்குப் புரியாது. தட்டம்மைக்கு மலையாளத்துல அஞ்சாம்பனி, அதை எழுது. வியாதின்னு எழுது."

நர்மதா பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். வேலை போகும், அது போகட்டும், தோப்பில் தேங்காய் பொறுக்கியாவது பிழைத்துக்கொள்ளலாம். ஆனால் பெற்றவளே வியாதி என்று கைப்பட எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தால், பிள்ளையின் வலது காதை யார் காப்பது? வெளியே ரிஞ்சு கைப்பேசியில் மனைவியிடம், ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தான். "மன்னிச்சுக்க தாயே" என்று முனகிவிட்டு எழுதினாள். அஞ்சாம்பனி. வியாதி. எழுத்துகள் கோணிக்கொண்டு போயின.

மறுநாள் காலை விலங்கறை வாசலில் ரிஞ்சு காத்திருந்தான். ஏசுவான் என்று எதிர்பார்த்தாள். "மோளுக்கு இப்போ எங்ஙனெ உண்டு, சேச்சி?" என்று பிள்ளையின் உடம்பை விசாரித்தான்.

"நீ நின்னாத்தான் அதுகள் முன்னாடி வரும்" என்றாள் பவ்யா, வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

நர்மதா பழத்தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பதினொரு மணிக்கு வர வேண்டிய பழம் ஒன்பதுக்கே வந்ததில் குரங்குகளுக்குத் தலைகால் புரியவில்லை. நாலாம் வரிசை நாலும்தான் முதலில் பாய்ந்து வந்தன. தெளிந்த வயிற்றைக் கம்பியோடு அழுத்திக்கொண்டு, கைகளை வெளியே நீட்டின. அவள் ஒரு பழத்தை உரித்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் ரிஞ்சு ஊசியின் மூடியைக் கழற்றினான்.