எழுபத்தைந்து கிலோ ரிஃபாத்

1
இந்தக் கதை என் உடற்பயிற்சிக் கூடத்தில், பெண்களுக்கான காலை நேரத்தில் கிடைத்தது. இனாஸ் என்ற ஐம்பது வயதுக்காரி வந்து, எழுபத்தைந்து கிலோவை ஒரே ஒரு தடவை தூக்கினால் போதும் என்றாள். ஏன் எழுபத்தைந்து என்று கேட்டேன்.

"அது என் புருஷன், கேப்டன்."

(அலெக்சாண்டிரியாவில் பயிற்சி தருகிற எல்லோரும் கேப்டன்தான். என்னிடம் கப்பல் இல்லை.)

2
முதலில் இப்படித் தொடங்கினேன்: "கடற்காற்றில் துருவேறிய ஜன்னலோரம் அவள்..."

வேண்டாம். அவளுக்கு ஜன்னலைப் பார்க்க நேரமில்லை. பக்கவாதத்தில் ரிஃபாத்துக்கு ஒரு பக்கம் விழுந்துவிட்டது. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு அவளே தூக்க முடிந்தால் அவர் வீட்டில் இருக்கலாம். இல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை அவருடைய அண்ணன் வந்து கெய்ரோவுக்குக் கூட்டிப்போய்விடுவார்.

ஒருவருடைய உச்சப் பளுவை நாங்கள் நேரடியாகச் சோதிப்பதில்லை, இடுப்பு போய்விடும். குறைந்த பளுவைப் பத்து முறை தூக்கச் சொல்லி, அதோடு மூன்றில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்வோம். மாதக்கணக்கில் பழகியும் இனாஸ் நாற்பத்தைந்தைத்தான் பத்து முறை தூக்கினாள். ஆக, அறுபது. (மனிதனுக்கு இரும்புக் கம்பியைப்போலப் பிடிமானமும் கிடையாது. இதை அவளிடம் சொல்ல மனம் வரவில்லை.)

3
வியாழக்கிழமை வந்து, முந்தின நாள் அவரைத் தூக்கிவிட்டதாகச் சொன்னாள். கணக்குப்படி அது நடக்காது. மறுநாள் மதியம் அவள் வீட்டுக்குப் போனேன்.

இனாஸ் அடுக்களையில் இருந்தாள். கன்னம் ஒட்டிப்போன ரிஃபாத், தன் தட்டிலிருந்த, சோறு அடைத்த காய்களான மஹ்ஷியை ஒவ்வொன்றாகப் பூனைக்குப் போட்டுக்கொண்டிருந்தார். [பூனை தேவையா? இருக்கட்டும். அது நன்றாகக் கொழுத்திருந்தது.]

"அவ ஏறி வரா," என்றார், குழறலாக. "நான் கொஞ்சம் இறங்கி வரேன். சொல்லிடாதே."



4
அவளிடம் சொல்வதா வேண்டாமா என்று இரண்டு பக்கம் எழுதி அடித்தேன். வீண் வேலை. இனாஸ் அதற்குள் வந்து தட்டை மறுபடி நிரப்பிவிட்டாள்.

"உன் எடை என் கைக்குத் தெரியாதா? சாப்பிடு, ரிஃபாத். முழு ஆளாத்தான் உன்னைத் தூக்குவேன்."

5
முடிவு அ: தூக்குகிறாள், அண்ணன் வாயடைத்து...

முடிவு ஆ: பாதியில் கை நழுவி...

இரண்டும் என்னால் ஆகாது. முழு ஆளைத் தூக்க வைக்கக் கணக்கு விடவில்லை. கீழே போட நான் விடமாட்டேன்.

அண்ணன் மணியடிக்கிறார். கதவை நீங்கள் போய்த் திறங்கள். அவசரமில்லை, ரிஃபாத் இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.